பத்தாம் வகுப்புக்கு மேல்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காவிரிப் பாசனத்தின் பசுமை மெல்லக் குறைந்து, செம்மண் மேட்டு நிலமும் முந்திரித் தோப்புகளும் கடலைக் கொல்லைகளும் தைலமரக் காடுகளும் தொடங்கிய பின், ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. முற்காலத்தில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஜமீன் ஊராக இருந்து, 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோது அதனோடு சேர்ந்த இவ்வூர், இன்று ஒரு தாலுக்காவின் தலைமையிடம். உரமும் விதையும் வாங்கவும், பட்டா, சான்றிதழ் பெறவும், பஸ் மாறவும் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் வந்துபோகும் இடம். அக்கச்சிப்பட்டி, வெள்ளாளவிடுதி, மங்கனூர், காட்டுநாவல் முதலிய கிராமங்கள் சூழ்ந்த இவ்வூரில் காலை வேளையில் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து சேருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளே அதிகம். அவர்களில் பெண்பிள்ளைகள் பலர் போய்ச் சேரும் இடம் அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி.

தமிழ்நாட்டின் தாலுக்கா ஊர்களில் இத்தகைய பள்ளிகள் பல உண்டு. பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில், மாணவர்களை விட மாணவிகளே அதிகம் தேர்ச்சி என்று ஆண்டுதோறும் வரும் தலைப்பைப் படித்து மகிழ்ந்துவிட்டு, நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால், ஒரு கிராமத்துப் பெண் இரண்டாண்டுக் காலம் என்ன படிக்கிறாள், எப்படிப் படிக்கிறாள், எவற்றைக் கடந்து படிக்கிறாள் என்பதைச் சாவதானமாக எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், வீட்டோடு நின்றுவிடாமல் மேலும் இரண்டாண்டு வகுப்பறையில் அமர்ந்திருப்பது, இப்பக்கத்துச் சமூக வாழ்வில் நிகழ்ந்திருக்கும் மாறுதல்கள் அனைத்திலும் பெரியது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த இரண்டாண்டுப் படிப்பு எவ்வளவு உறுதியாக அமைகிறதோ, தன் எஞ்சிய ஆயுளைப் பற்றித் தானே தீர்மானிக்கும் சக்தியும் அவளுக்கு அவ்வளவு உறுதியாக அமைகிறது.

1904 முதல் 1978 வரை

புதுக்கோட்டைச் சீமையில் பெண்கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர் யாராயினும் 1904-ஆம் ஆண்டில்தான் தொடங்க வேண்டியிருக்கும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பெண்களுக்கு மேற்படிப்பு என்பதே கேள்விப்படாத செய்தியாக இருந்த காலத்தில், ஆண்பிள்ளைகள் மாத்திரமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். பெண்ணொருத்தி வந்து அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்ற ஆட்சேபங்கள் எழுந்தபோதிலும், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியாகி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சரித்திரம் பலரும் அறிந்ததே. ஆனால், ஒரு பெண் படிப்பதற்கு அரசரின் பிரத்தியேக ஆக்ஞை தேவைப்பட்ட அந்த நிலையிலிருந்து, எந்த விவசாயக் கூலியின் மகளும் விண்ணப்பப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு உயர் வகுப்பில் சேரலாம் என்ற நிலைக்கு நாம் வந்து சேர்ந்த பாதையைப் பலர் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பாதையில் 1978-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான திருப்பம். 1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது முதல், பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க விரும்புகிறவர்கள் கல்லூரியில் சேர்ந்து, முற்காலத்தில் இரண்டாண்டு இன்டர்மீடியட்டும், பிற்காலத்தில் ஓராண்டு பி.யூ.சி.யும் பயில வேண்டும். கல்லூரிகளோ பட்டணங்களில் இருந்தன. கந்தர்வக்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்ணொருத்தி மேலே படிக்க வேண்டுமானால் தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ தினந்தோறும் பிரயாணம் செய்ய வேண்டும், அல்லது விடுதியில் தங்க வேண்டும். பஸ் வசதியும் விடுதிச் செலவுக்குப் பணமும் இல்லாத குடும்பங்களில் அவளுடைய படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். 1978-இல் பி.யூ.சி. எடுக்கப்பட்டு, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகள் மேல்நிலைக் கல்வியாகப் பள்ளிகளிலேயே ஏற்படுத்தப்பட்டபோது, கல்லூரியின் வாசற்படி சிற்றூர்ப் பள்ளிக்கூடம் வரை நீண்டு வந்தது. கல்வித் துறையில் ஒரு பாடத்திட்ட மாற்றமாகக் கருதப்பட்ட அந்த ஏற்பாடு, கிராமத்துப் பெண்களின் பள்ளி வாழ்வை நீட்டிக் கொடுத்தது.

குரூப் என்னும் முதல் முடிவு

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்குகிறது. அப்போது பள்ளி அலுவலக வாசலில் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த குரூப்? தமிழும் ஆங்கிலமும் அனைவர்க்கும் பொது. அவற்றோடு நான்கு பாடங்கள் சேர்ந்தது ஒரு குரூப். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்ததை மேத்ஸ் பயாலஜி என்றும், கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியே படிப்பதைப் பியூர் சயின்ஸ் என்றும், வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் கொண்டதை ஆர்ட்ஸ் குரூப் என்றும், செவிலியம் போன்ற தொழிற்பாடங்கள் கொண்டதை வொகேஷனல் என்றும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லுகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. ஆசிரியர் பணியிடமும் ஆய்வகமும் எவற்றுக்கு உண்டோ அவை மாத்திரமே இருக்கும்.

இந்தத் தேர்வு எத்தனை கனமானது என்பதைப் பெற்றோர் பலர் அப்போது உணர்வதில்லை. கணிதம் இல்லாத குரூப்பை எடுத்தவள் பின்னாளில் பொறியியல் படிக்க இயலாது. உயிரியல் இல்லாத குரூப்பை எடுத்தவள் மருத்துவத்தையும் பி.எஸ்ஸி. நர்சிங்கையும் மறந்துவிட வேண்டியதுதான். பதினைந்து வயதில், ஒரு பிற்பகலில், வரிசையில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பத்தாண்டுக்குப் பின் அவள் என்ன உத்தியோகம் பார்ப்பாள் என்பதை நிர்ணயித்துவிடுகிறது. தோழி எடுத்த குரூப்பையே எடுப்பவளும், கணக்குப் பாடம் கஷ்டம் என்று அத்தை சொன்னதைக் கேட்டு ஒதுங்கிவிடுபவளும், மார்க் குறைவென்பதால் கிடைத்ததில் அமர்ந்துவிடுபவளும் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே பெண்ணையும் பெற்றோரையும் ஒருங்கே அழைத்து, எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு வழி, எந்தப் படிப்பு எந்த வேலைக்கு வழி என்று நிதானமாக விளக்கிச் சொல்லும் ஆசிரியை ஒருவர் இருந்தால், அந்தப் பள்ளி செய்யக்கூடிய உபகாரங்களில் அதுவே தலையாயது.

ஆய்வகத்தில்

வகுப்பு தொடங்குமுன் காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் அதன் பொருளும், அன்றைய செய்திகள், கடைசியில் தேசிய கீதம் என்று கிரமமாக நடக்கும் அக்கூட்டத்தில், ஒலிபெருக்கி முன் நின்று வாசிப்பவளும், அணியை நிற்கச் சொல்லிக் கட்டளையிடுபவளும் மாணவிகளே. நான்கு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாத வீட்டிலிருந்து வந்த பெண், முதன்முறை செய்தி வாசிக்கும்போது காகிதம் நடுங்குவதும், ஆண்டு முடிவதற்குள் அந்த நடுக்கம் தீர்ந்து குரல் நிமிர்வதும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம்.

பாடவேளைகளில் பெரும்பகுதி கரும்பலகையோடும் குறிப்பேட்டோடும் கழிந்தாலும், மேல்நிலை வகுப்பின் உயிர் செய்முறை வகுப்பில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் பருமனறி பகுப்பாய்வு என்றொரு பயிற்சி உண்டு. ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை மற்றொரு கரைசலைக் கொண்டு அளந்து காண்பது. பிப்பெட்டில், இரும்பு அடங்கிய மோர் உப்பின் கரைசலை 20 மில்லி உறிஞ்சிக் கூம்புக் குடுவையில் விட்டு, அதில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்து, மேலே தாங்கியில் நிறுத்திய பியூரெட்டிலிருந்து ஆழ்ந்த ஊதா நிறமுள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக இறக்க வேண்டும். ஒரு கை பியூரெட்டின் திருகைப் பிடித்திருக்க, மறு கை குடுவையை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். விழுகிற ஊதா விழுந்தவுடனே மறைந்து கரைசல் நிறமற்றே நிற்கும். மேலும் மேலும் துளிகள் விழுந்து, இரும்பு முழுவதும் வினைப்பட்டு முடிந்தபின், அடுத்த ஒரே துளியில் குடுவை முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் பரவி, மறையாமல் நின்றுவிடும். அத்துடன் நிறுத்த வேண்டும். ஒரு துளி அதிகமானாலும் நிறம் அழுத்தமாகி அளவு பிசகிவிடும். அந்த ஊதாக் கரைசலின் அடிவிளிம்பு கண்ணுக்குப் புலப்படாதாகையால், மேல்விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்து அளவைக் குறிக்க வேண்டும். ஒருமுறை கிடைத்த அளவை நம்புவதற்கில்லை. இரண்டு முறை ஒரே அளவு வரும் வரையில் மீண்டும் மீண்டும் செய்து, ஒத்த அளவைக் கொண்டே கணக்குப் போட வேண்டும்.

இதில் இரும்பின் அளவைக் காண்பது அற்ப விஷயம். கண்ணால் கண்டதை மாத்திரம் எழுதுதல், பக்கத்து மேசைக்காரியின் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணைத் திருத்தாதிருத்தல், ஒத்து வராவிடில் சலிப்பின்றித் திரும்பச் செய்தல் ஆகிய சிரத்தைகளை ஒரு பெண்ணின் கையும் கண்ணும் அங்கே கற்றுக்கொள்ளுகின்றன. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் வகுப்புகளில் சில இடங்களில், கருவியைப் பையன் கையாள, அளவைப் பெண் குறித்துக்கொள்ளும் வழக்கம் யாரும் விதிக்காமலே ஏற்பட்டுவிடுவதுண்டு. பெண்கள் பள்ளியில் அதற்கு இடமில்லை. பியூரெட்டைக் கழுவுவதும், நிரப்புவதும், அளப்பதும், இடப்புற வெள்ளைத் தாளில் பென்சிலால் படம் வரைந்து வலப்புறத்தில் விவரம் எழுதி ரெக்கார்டு நோட்டை முடிப்பதும் அவளே செய்தாக வேண்டும்.

பரீட்சையும் திருப்புதலும்

ஆண்டின் ஓட்டம் பரீட்சைகளால் வகுக்கப்பட்டது. மாதத் தேர்வுகள், செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்குப் பின் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள், அதன்பின் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. 2018 வரை பாடத்துக்கு 200 வீதம் 1200 மார்க்குக்கு நடந்த பிளஸ் டூ தேர்வு, 2019 முதல் பாடத்துக்கு 100 வீதம் 600 மார்க்காகச் சுருங்கியது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இயற்பியல் வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு மார்க் வினாக்கள் 15, இரண்டு மார்க்கில் ஆறு, மூன்று மார்க்கில் ஆறு, ஐந்து மார்க்கில் ஐந்து என 70-க்குக் கணக்கு முடியும். இந்தக் கணக்கு பிளஸ் டூ மாணவி ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். எந்தப் பாடத்தில் எத்தனை வினா வரும், எங்கே விட்டால் எத்தனை போகும் என்று விரல்விட்டுச் சொல்லுவாள்.

பாடநூலின் ஒவ்வொரு பாட முடிவிலும் உள்ள புக் பேக் வினாக்களைக் கரைத்துக் குடித்தால் தேர்ச்சி நிச்சயம் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்து வந்தது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டு, 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய நூல்கள் வந்தபின், நூல்கள் பருத்தன. கேள்விகள் பாடத்தின் உள்ளேயிருந்தும் எழலாயின. மனனம் ஒன்றையே துணையாகக் கொண்ட மாணவிக்கு இது பெருஞ்சுமை. ஆயினும், கல்லூரியிலும் நுழைவுத் தேர்விலும் அவள் எதிர்கொள்ளப் போவது இதனினும் கடுமையானது. ஆகையால், புரிந்து படிக்கும் வழக்கத்துக்கு இங்கேயே அவள் பழகிக்கொள்ளுவது நலம்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் மார்க்கே பிரதானம் என்று கருதி, சில தனியார் பள்ளிகள் முதலாண்டுப் பாடத்தை நடத்தாமல் விட்டுவிட்டு இரண்டாண்டும் இரண்டாமாண்டுப் பாடத்தையே நடத்தி வந்த அநியாயத்தைத் தடுப்பதற்காக, 2018 மார்ச்சிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. 2025-இல் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது சந்தோஷமே. ஆனால் நுண்கணிதமும், அணு அமைப்பும், உயிரணுவின் இயல்பும் முதலாண்டில்தான் வேர் பிடிக்கின்றன. பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த வேரை அலட்சியம் செய்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது முழுமையாகப் பள்ளிகளைச் சேர்ந்தது.

தேர்வு நெருங்கும் மாதங்களில் காலையிலும் மாலையிலும் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. வீட்டில் படித்தவர் இல்லாத, டியூஷனுக்குப் பணமில்லாத மாணவிக்குப் பள்ளியே டியூஷன். மாலை வகுப்பு முடியும் நேரமும் கிராமத்துக்குச் செல்லும் டவுன் பஸ்ஸின் நேரமும் ஒத்து வராவிடில், பாடம் பாதியில் இருக்கும்போதே தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழ வேண்டியிருக்கிறது. ஐந்து மார்க் வினா ஒன்றின் விடை அன்றைக்கு பஸ் அட்டவணையில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெண்களுக்கென்று ஏன் தனிப் பள்ளி?

பெண்களைப் பிரித்து வைத்துக் கற்பிப்பது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். தமிழர் நிலத்தில் இந்த ஏற்பாடு பழமையானது; யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென்று உறைவிடப் பள்ளி தொடங்கியது 1824-இல். அக்காலத்தில் வேறு வழியே இருக்கவில்லை. இக்காலத்தில் உலகளாவிய ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன? 21 நாடுகளைச் சேர்ந்த பதினாறு லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்து 2014-இல் அமெரிக்க உளவியலறிஞர் மூவர் வெளியிட்ட முடிவு, தனிப் பள்ளியில் படிப்பதால் மாத்திரம் கல்வித் திறனில் குறிப்பிடத்தக்க மேன்மை விளைவதில்லை என்பதே. நல்ல ஆசிரியரும் நல்ல ஆய்வகமும் இருந்தால் எவ்விதப் பள்ளியிலும் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள்.

ஆயினும், பள்ளிக்கு வந்து சேர்ந்த பின் உண்டாகும் பலனை அளக்கும் ஆராய்ச்சி, பள்ளிக்கு அனுப்பப்படாமலே போயிருக்கக்கூடிய பெண்ணை அளப்பதில்லை. வயதுக்கு வந்த பெண்ணைப் பையன்களோடு சேர்த்துப் படிக்க வைக்க மனமில்லாத பெற்றோர் இன்றைக்கும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சங்கடத்தைக் கண்டிக்கலாம். கண்டித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணின் இரண்டாண்டுகள் கழிந்துவிடும். பெண்கள் பள்ளி என்ற ஒரு சொல் அவ்வீட்டுக் கதவைத் திறக்குமானால், அச்சொல்லுக்கு இந்தச் சீமையில் இன்னும் சில காலம் பயன் உண்டு. உள்ளே நுழைந்தபின் கணிதம் கணிதமே. அதற்கு ஆண்பால் பெண்பால் கிடையாது.

இத்துடன் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் போதாது. தண்ணீர் வரும் கழிவறையும், மாதவிலக்கு நாட்களுக்குரிய சௌகரியமும் இல்லாவிடில், பெண் மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் தங்கிவிடுகிறாள். அந்த நாட்களில் நடந்த பாடம் அவளுக்கு நடவாத பாடமாகிவிடுகிறது. புதுயுகம் என்ற பெயரில் மாணவியருக்கு இலவச நாப்கின் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்ததும், துப்புரவுப் பணியாளர் ஒருவர் பள்ளியில் நாள் தவறாமல் இருப்பதும், கல்விச் செய்திகளாகவே கருதத்தக்கவை.

வீட்டு வாசலில்

இப்பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு மழையை நம்பிய சிறு நிலமும், கூலி வேலையும், முந்திரியுமே ஆதாரம். கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே உள்ள ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் வறுத்த முந்திரி விற்கும் பெண்களைப் பார்க்காமல் யாரும் அவ்வழியே போயிருக்க முடியாது. முந்திரிப் பழம் உதிரும் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. தோப்பில் கொட்டை பொறுக்க ஓர் ஆள் குறைந்தாலும் நஷ்டம் என்றிருக்கும் வீட்டில், அந்த மாதம் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதே தாய் செய்யும் ஒரு தியாகம். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல், நாற்பது ஐம்பது வருஷத்து மரங்களை ஒரே இரவில் சாய்த்து, கூரைகளைப் பெயர்த்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் செய்தது. அதற்கடுத்த மார்ச்சில்தான் 600 மார்க் முறையிலான முதல் பிளஸ் டூ தேர்வு வந்தது. விளக்கொளியில் படித்து அத்தேர்வை எழுதி முடித்த பிள்ளைகளை இந்த ஜில்லா மறக்கலாகாது.

புயலைப்போல் ஒரே இரவில் வராமல், ஓசையின்றி வரும் தடைகளும் உண்டு. பதினேழு வயதில் வரன் வருகிறது. அல்லது, சில ஆண்டுகள் மில்லில் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று ஊருக்குள் தரகர் வந்து பேசுகிறார். இரண்டு நாள் வராத பெண்ணைத் தேடி ஆசிரியை அவள் வீட்டுக்கே போய் நிற்பதும், திண்ணையில் நடக்கும் சம்பாஷணையும் இந்தப் பக்கத்தில் பழக்கமான காட்சி. “பொம்பளப் புள்ள, போதும் டீச்சர். நல்ல எடம், வந்து கேக்குறாங்க” என்பார் தகப்பனார். “அண்ணே, பதினெட்டு ஆவாம கல்யாணம் பண்ணா சட்டம் வுடாது. அதுக்காகவும் சொல்லல. இன்னும் ஒரு வருஷம். அது படிக்கிற படிப்புக்கு நான் பொறுப்பு” என்பார் ஆசிரியை. அந்தத் திண்ணையில் ஜெயிப்பதும் தோற்பதும், அந்தப் பெண் அதுவரை எப்படிப் படித்திருக்கிறாள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. அரையாண்டில் நல்ல மார்க் வாங்கியவளுக்காக ஆசிரியை வாதாடுவது எளிது. தகப்பனார் மனத்திலும் ஒரு பெருமை வேலை செய்யும். ஆகையால், வகுப்பறையில் ஒழுங்காக நடத்தப்படும் ஒவ்வொரு பாடமும் அந்தத் திண்ணையில் அவளுக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

அரசாங்கமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1991-இல் இந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம், பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. அதற்கு முன்பு பெண் சைக்கிள் மிதிப்பதைக் கண்டு கேலி செய்த தெருக்கள், அதற்குப் பின் அதனைச் சகஜமாகப் பார்க்கப் பழகின. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005 முதல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தபோது, இந்த மாவட்டத்தின் சாலைகள் அதற்கு முன்னமே ஆயத்தமாகியிருந்தன.

இதனினும் ஆழ்ந்த மாறுதல் ஒன்று உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் ஏற்பட்ட திருமண உதவித் திட்டம், பெண்ணுக்கு இன்னவளவு படிப்பு இருந்தால் கல்யாணத்துக்குப் பணம் தரப்படும் என்று நிபந்தனை விதித்து, பெற்றோர் பெண்ணைப் படிக்க வைக்கத் தூண்டியது. 2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையாரின் பெயரிலேயே அது புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ தொழிற்கல்வியிலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் அவளுடைய சொந்த வங்கிக் கணக்கில் சேருகிறது. கல்யாணத்துக்கென்றிருந்த பணம் கல்லூரிக்கென்று ஆனதும், தகப்பனார் கைக்குப் போகாமல் பெண்ணின் பெயருக்கே வந்ததும் சிறிய காரியங்கள் அல்ல. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் 7.5 சதவீத ஒதுக்கீடும் இதனோடு சேர்ந்தபின், ஒரு முனையில் தஞ்சாவூரும் மறு முனையில் புதுக்கோட்டையுமாக உள்ள அரசு மகளிர் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் கந்தர்வக்கோட்டைப் பெண்ணுக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

இனி வேண்டுவன

இவ்வளவு இருந்தும் குறைகள் இருக்கின்றன. அவை தீர்க்கக்கூடியவை என்பதால்தான் இங்கே சொல்லப்படுகின்றன. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து வரும் பிளஸ் டூ மாணவி, காலையில் வீட்டில் சமையல் முடியாவிடில், வெறும் வயிற்றோடு பிற்பகல் இயற்பியலைக் கேட்கிறாள். அதே வளாகத்தில் அவளுடைய ஒன்பதாம் வகுப்புத் தங்கை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயதின் பசி பதினான்கு வயதின் பசியைவிடக் குறைந்ததன்று. அந்த அன்னம் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும்.

பஸ் நேரங்கள் பள்ளி நேரத்தை ஒட்டி அமைய வேண்டும். ஆய்வகத்துக்கு உதவியாளரும், ஆண்டுதோறும் போதிய இரசாயனப் பொருளும், உடையும் கண்ணாடிச் சாமான்களுக்கு ஈடும் கிடைக்க வேண்டும். ஒரே பியூரெட்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ஏழு பேர் வேடிக்கை பார்க்கவே கற்றுக்கொள்ளுவார்கள். முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியானால் அது பொதுத்தேர்வு ஆண்டின் நடுவில் நிரப்பப்படாமல் கிடக்கலாகாது. கணிதத்துக்கு ஆறு மாதம் ஆள் இல்லாமல் போனால், அந்த ஆண்டு அந்த வகுப்பிலிருந்து பொறியியலுக்குப் போகிறவள் இல்லாமல் போய்விடுவாள். குரூப் தேர்வு செய்யும் விஷயத்தில் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் முறை ஒன்று ஒன்பதாம் வகுப்பிலேயே வர வேண்டும்.

ஊராருக்கும் இதில் பங்குண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும் பெற்றோர் இருக்கும் ஊரில் காலிப் பணியிடம் நெடுநாள் காலியாக இருப்பதில்லை. அந்தப் பள்ளியில் படித்து, இன்று செவிலியாகவும் ஆசிரியையாகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் இருக்கும் பெண்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் வந்து பிளஸ் ஒன் வகுப்பில் நின்று, தாம் எந்த குரூப் எடுத்தோம், எங்கே இடறினோம், எப்படி எழுந்தோம் என்று சொன்னால், அதைக் கேட்பவள் பின்பற்றத் தக்க வழி ஒன்றைக் கண்ணெதிரே காணுவாள்.

1904-இல் ஒரு பெண்ணுக்கு அரசர் அளித்த அனுமதியை, 1978-க்குப் பின் அரசாங்கம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக்கிற்று. இனிமேல் அனுமதியைப் பற்றிய வாதம் தேவையில்லை. அனுமதி பெற்று உள்ளே வந்தவளுக்கு நாம் கொடுக்கும் கல்வி முழுமையானதா என்பதே வாதம். கந்தர்வக்கோட்டைப் பெண்ணுக்குத் தரப்படும் கணிதமும் வேதியியலும், சென்னையில் பெரும் பணம் கட்டிப் படிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் எவ்விதத்திலும் தாழ்ந்ததாக இருக்கக் கூடாது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை அவளுக்கு உண்டு. அதைக் கொடுத்தே தீர வேண்டிய கடமை நம் அனைவருக்கும் உண்டு.